மொத்த டிஎல்பி × 0.015 = கருவுக்குப் போன டோஸ்?

கதிர்க்கணக்கு | 04-03-2024, இரவு 9.12

சிடி வயிறு-இடுப்பு எடுத்து முடித்த பிறகு யூரின் டெஸ்டில் கர்ப்பம் என்று தெரிகிறது. ஆறு வாரம். கருவுக்கு எவ்வளவு டோஸ் போனது என்று மகப்பேறு மருத்துவர் எழுத்தில் கேட்கிறார். டோஸ் ரிப்போர்ட் இப்படி இருக்கிறது (சிடிடிஐ-வால் என்பது ஸ்கேன் பகுதியின் சராசரி டோஸை ஒரு நிலையான உருளைக்குக் கணக்கிட்டு மிஷின் காட்டும் எண்; டிஎல்பி என்பது அதை ஸ்கேன் நீளத்தால் பெருக்கியது):

ஆர்ட்டீரியல், தமனிக் கட்டம் (மேல்வயிறு மட்டும்): சிடிடிஐ-வால் 13.0 மில்லிகிரே, டிஎல்பி 312
போலஸ் டிராக்கிங் (ஊசி மருந்து வந்துவிட்டதா என்று பார்க்கும் சிறு ஸ்கேன்): டிஎல்பி 22
வீனஸ், சிரைக் கட்டம் (உதரவிதானம் முதல் இடுப்பின் அடி வரை): சிடிடிஐ-வால் 13.5, டிஎல்பி 621
மொத்தம்: 955 மில்லிகிரே-செ.மீ.

120 கேவி, 32 செ.மீ. ஃபேண்டம் (டோஸ் அளக்க உடம்புக்குப் பதில் வைக்கும் உருளை). வயிறு-இடுப்புக்கு கே ஃபேக்டர் (டிஎல்பியை மில்லிசீவர்ட்டாக மாற்றும் எண்) 0.015. பெருக்கினால் 14.3 மில்லிசீவர்ட். "கருவுக்கு 14.3" என்று எழுதிக் கொடுத்தால் போதும்தானே? எப்படியும் கருவுக்குச் சொல்லும் 100 என்ற எல்லைக்கு வெகு கீழே. யாரும் குடைய மாட்டார்கள் என்பது என் கட்சி.

பென்சில்சேம்பர் | 04-03-2024, இரவு 9.47

போதாது. விடை 100-க்குக் கீழே இருப்பது வேறு, கணக்கு சரியாக இருப்பது வேறு.

0.015 என்பது எஃபெக்டிவ் டோஸுக்கான எண். உடம்பில் உள்ள எல்லா உறுப்புகளின் டோஸையும் எடை போட்டுக் கூட்டினால் வருவது. அந்தக் கூட்டலில் கர்ப்பப்பைக்கு என்ன எடை தெரியுமா? ஐசிஆர்பி (சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 103-ஆவது வெளியீட்டில் அது "மீதி உறுப்புகள்" கும்பலில் ஒன்று. மொத்தக் கும்பலுக்கும் 0.12, அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாது. கர்ப்பப்பையைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாத ஓர் அளவை வைத்துக் கர்ப்பப்பைக்குள் இருப்பதற்கு டோஸ் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஆர்ட்டீரியல் ஃபேஸில் இடுப்பே இல்லை. 312-ஐயும் 22-ஐயும் எதற்குச் சேர்த்தீர்கள்?

மூன்றாவது, 100 என்பது ஐசிஆர்பி 84 (2000) கருவின் உறிஞ்சிய டோஸுக்குச் சொன்ன அளவு, அலகு மில்லிகிரே. அதன் பக்கத்தில் மில்லிசீவர்ட்டைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

கதிர்க்கணக்கு | 04-03-2024, இரவு 9.58

அப்படியென்றால் 13.5 மில்லிகிரே? வீனஸ் ஃபேஸின் சிடிடிஐ-வால் அதுதானே சார்.

பென்சில்சேம்பர் | 04-03-2024, இரவு 10.31

அதுவும் இல்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். 13.5 என்பது 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளைக்குப் போன டோஸ். இந்த அம்மா 32 செ.மீ. அக்ரிலிக் இல்லை. ஒல்லியான உடம்பில் அதே எம்ஏஎஸ் (குழாய் மின்னோட்டமான எம்ஏ × நொடி) கூடுதல் டோஸ் கொடுக்கும், பருமனான உடம்பில் குறைவு. இந்தத் திருத்தத்துக்குத்தான் ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) 204-ஆவது பணிக்குழு 2011-இல் எஸ்எஸ்டிஇ (உடல் அளவுக்கேற்பத் திருத்திய டோஸ் மதிப்பீடு) கொண்டுவந்தது.

ஆக்சியல் (குறுக்குவெட்டு) படத்தில் முன்பின் தடிமனும் பக்கவாட்டு அகலமும் அளக்கவும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் செயல்விட்டம். பிறகு,

ஃபேக்டர் = 3.704369 × எக்ஸ்ப்(−0.03671937 × விட்டம் செ.மீ.)

இது 32 ஃபேண்டத்துக்கு மட்டும். 16 என்றால் 1.874799, 0.03871313.

22-க்கு 33 என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 26.9, ஃபேக்டர் 1.38. 13.5 × 1.38 = 18.6 மில்லிகிரே. ஸ்கேன் எல்லைக்குள் முழுசாக அடங்கிய உறுப்புக்கு எஸ்எஸ்டிஇ-யை உறுப்பு டோஸாக எடுத்துக்கொள்வது மோசமில்லை. ஆறு வாரத்தில் கருவின் டோஸ் என்பது கர்ப்பப்பையின் டோஸ்தான்.

ஆக உங்கள் 14.3 குறைவு. டிஎல்பியைக் கூட்டியதில் ஏறியது, கே ஃபேக்டரில் இறங்கியது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது. அடுத்த கேஸில் அடித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

கண்ட்ரோல்ரூம் | 05-03-2024, காலை 7.05

டெக்னீஷியன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஆக்சியலில் அளக்கச் சொல்கிறீர்கள், எந்த ஆக்சியல்? டாக்டர் பார்க்க அனுப்பும் படத்தில் எஃப்ஓவி-யை (படத்தில் காட்டும் பகுதியின் அகலம்) சுருக்கியிருப்போம், இரண்டு பக்கமும் தோல் வெட்டுப்பட்டிருக்கும். அதில் அளந்தால் 33 செ.மீ. இடுப்பு 30 ஆகிவிடும். ரா டேட்டா (மிஷின் பதிந்த மூல அளவுகள்) போவதற்குள் 50 செ.மீ. எஃப்ஓவி-யில் ஒரு ரீகான் (மறுபடி படமாக்கல்) போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரா டேட்டா எல்லா மிஷினிலும் ஒரு வாரம் தங்காது.

ஸ்கவுட்டில் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் திட்டப்படம்) அளக்கலாம் என்பார்கள். டேபிள் உயரம் சரியாக இருந்தால் மட்டும். டியூப் கீழே இருக்க எடுத்த ஸ்கவுட், நோயாளி மையத்துக்கு 5 செ.மீ. கீழே படுத்திருக்கிறார் என்றால், அகலம் 9-10 விழுக்காடு பெரிதாகத் தெரியும். டியூபிலிருந்து மையத்துக்கு 55-60 செ.மீ. தூரம், கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதே ஸ்கவுட்டைப் பார்த்துத்தான் மிஷின் எம்ஏ முடிவு செய்கிறது. ஆள் குண்டு என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகத் தள்ளும். ஆக டோஸும் ஏறும், நீங்கள் போடும் ஃபேக்டரும் தப்பாகும்.

பென்சில்சேம்பர் | 05-03-2024, காலை 8.20

கண்ட்ரோல்ரூம் சொன்னது சத்தியம். அதோடு நேற்று எழுதியதை இன்னும் இறுக்க வேண்டும்.

13.5 என்பது வீனஸ் ஃபேஸ் முழுவதற்குமான சராசரி. எம்ஏ மாடுலேஷன் (உடம்பின் தடிமனுக்கேற்ப எம்ஏ-வை மாற்றுவது) ஓடியிருந்தால் நுரையீரல் அடியில் எம்ஏ தாழ்ந்திருக்கும், இடுப்பெலும்பு வரும்போது ஏறியிருக்கும். கர்ப்பப்பை இருப்பது ஏறிய இடத்தில். அந்த ஸ்லைஸுகளின் எம்ஏ-வைப் படத்தின் டைகாம் தலைப்பிலிருந்து (கோப்போடு வரும் தகவல்) எடுத்து, தொடர் முழுவதின் சராசரி எம்ஏ-வால் வகுத்து, அந்த விகிதத்தால் 13.5-ஐப் பெருக்க வேண்டும். சராசரி 210, கர்ப்பப்பை மட்டத்தில் 245 என்றால் 13.5 × 245 ÷ 210 = 15.75. அந்த மட்டத்தில் 21-க்கு 35 இருந்தால் விட்டம் 27.1, ஃபேக்டர் 1.37, டோஸ் 21.6.

விகிதம் மட்டும்தான் எடுக்க வேண்டும். நேரடி எம்ஏ-வை நம்பிக் கணக்கை ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். சில கம்பெனிகள் பிட்ச்சால் (ஒரு சுற்றில் டேபிள் நகர்வு ÷ கற்றை அகலம்) வகுத்த எஃபெக்டிவ் எம்ஏஎஸ் காட்டும், சில வெறும் எம்ஏஎஸ் காட்டும்.

நிழல்வாசிப்பு | 05-03-2024, மதியம் 1.15

ரேடியாலஜிஸ்ட். நான் அனுப்பும் கடிதத்தில் "21.6" என்று புள்ளிக்குப் பின் ஓர் எண்ணோடு போட்டால், அதைப் படிக்கும் குடும்பம் அது ஏதோ ரத்தச் சர்க்கரை மாதிரி அளந்து எடுத்த எண் என்று நினைக்கும். எவ்வளவு தூரம் நம்பலாம் இதை?

பென்சில்சேம்பர் | 05-03-2024, மதியம் 2.02

டாக்டர், எஸ்எஸ்டிஇ-க்கு ஏஏபிஎம் சொல்வது 20 விழுக்காடு. கன்சோல் காட்டும் சிடிடிஐ-வாலுக்கும் அளந்ததற்கும் இடையே ஏசிஆர் (அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி) அனுமதிப்பதும் 20. இரண்டையும் வர்க்கக் கூட்டல் போட்டால் 28. ஆகவே 21 ± 6. கடிதத்தில் "சுமார் 20 மில்லிகிரே, 15-க்கும் 27-க்கும் இடையில்" என்று போடுங்கள். கீழே ஒரு வரியில் கணக்கிட்ட முறை: எஸ்எஸ்டிஇ, எந்த மட்டம், எந்த ஃபேண்டம். நாளைக்கு வேறொருவர் சரிபார்க்க அது போதும்.

ஆர்ட்டீரியலிலிருந்து சிதறல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது அந்த ± 6-க்குள்ளேயே அடங்கிவிடும், தனியாகச் சேர்க்க வேண்டாம்.

மேல்பக்கம் தள்ளும் விஷயங்களும் உண்டு, கீழ்ப்பக்கம் இழுப்பவையும் உண்டு. கர்ப்பப்பை ஆழத்தில் இருக்கிறது. உருளையின் நடுவில் டோஸ் ஓரத்தைவிடக் குறைவு. ஆகவே எஸ்எஸ்டிஇ கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். கரு விஷயத்தில் அந்தப் பக்கம் தவறுவது நல்லதுதான்.

பைத்தான்பாண்டி | 05-03-2024, இரவு 11.40

ஸ்கேலை வைத்து அளப்பதெல்லாம் போன தலைமுறை. ஏஏபிஎம் 220 (2014) சொன்ன நீர்ச்சமவிட்டம் (கதிரை உடம்பு தடுக்கும் அதே அளவு தடுக்கும் நீர் உருளையின் விட்டம்) போடுங்கள்:

விட்டம் = 2 × √[ (சராசரி ஹெச்யூ ÷ 1000 + 1) × பரப்பு ÷ பை ]

உடம்பைச் சுற்றி ஆர்ஓஐ (அளக்க வரையும் எல்லைக்கோடு) வரைந்தால் சராசரி ஹெச்யூ-வும் (சிடி படத்தின் அடர்த்தி எண்) பரப்பும் கிடைத்துவிடும். மேலே சொன்ன இடுப்பு மட்டத்துக்கு ஹெச்யூ 12, பரப்பு 580 ச.செ.மீ. என்று போட்டால் விட்டம் 27.3, ஃபேக்டர் 1.36, டோஸ் 21.4.

பென்சில்சேம்பர் | 06-03-2024, காலை 6.50

இவ்வளவு ஸ்கிரிப்ட் எழுதி 21.6 போய் 21.4 வந்திருக்கிறது. வாழ்க.

இடுப்பில் இரண்டு முறையும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது மார்பில். ஹெச்யூ சராசரி மைனஸ் 250, பரப்பு 750 என்று ஒரு மார்பு ஸ்லைஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்தை மட்டும் பார்த்தால் விட்டம் 30.9, ஃபேக்டர் 1.19. நீர்ச்சமமாகப் பார்த்தால் 26.8, ஃபேக்டர் 1.39. உள்ளே காற்று இருப்பதால் கதிர் அவ்வளவு தடைபடுவதில்லை; ஸ்கேல் அதை அறியாது. 16 விழுக்காடு இடைவெளி. மார்புக்கு எப்போதும் பாண்டியின் முறைதான் சரி.

ஆர்ஓஐ வரையும்போது டேபிளை உள்ளே சேர்த்துவிடாதீர்கள். தானாக எல்லை பிடிக்கும் ஸ்கிரிப்டுகள் முதுகுக்குக் கீழே டேபிள் வளைவையும் உடம்போடு ஒட்டி எடுக்கும். கை தலைக்கு மேல் போகாமல் பக்கத்தில் கிடந்தால் அதுவும் உடம்பாகிவிடும்.

கதிர்க்கணக்கு | 06-03-2024, இரவு 8.30

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. ஒரு கிளைக் கேள்வி. இதே ஆள் நுரையீரல் ரத்தக்கட்டிக்கு சிடி ஆஞ்சியோ எடுத்திருந்தால்? மார்பின் எஸ்எஸ்டிஇ-யைக் கருவுக்குப் போடலாமா?

பென்சில்சேம்பர் | 06-03-2024, இரவு 8.41

கூடவே கூடாது. கர்ப்பப்பை எல்லைக்கு வெளியே. சிதறல் மட்டும்தான் போகும், அதில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே நடந்து வருவது. மகப்பேறு வழிகாட்டிகளில் மார்பு சிடி-க்குக் கருவின் டோஸ் 0.01 முதல் 0.66 மில்லிகிரே என்று இருக்கும். ஒரு மில்லிகிரேகூட இல்லை. துல்லியமாக வேண்டுமென்றால் மான்டே கார்லோ (கதிரின் பாதையைக் கணினியில் போலச்செய்யும்) சாஃப்ட்வேர்தான். விர்ச்சுவல்டோஸில் மூன்று, ஆறு, ஒன்பது மாதக் கர்ப்பிணி ஃபேண்டம்களே (கணினி மாதிரிகள்) இருக்கின்றன. பழைய இம்பாக்ட் எக்ஸெல் ஷீட்டில் கர்ப்பிணி கிடையாது, கர்ப்பப்பை டோஸை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் அடித்தளம் இங்கிலாந்தின் கதிர்ப்பாதுகாப்பு வாரியமான என்ஆர்பிபி 90-களின் தொடக்கத்தில் போட்ட கணக்கு. இன்றைய மிஷினை அந்தக் காலத்து மிஷின் ஒன்றோடு ஜோடி சேர்த்துத்தான் ஓட்டும்.

கண்ட்ரோல்ரூம் | 06-03-2024, இரவு 9.10

வயிற்றில் லெட் ஏப்ரன் சுற்றச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். சுற்றினால்?

பென்சில்சேம்பர் | 06-03-2024, இரவு 9.26

வெளியிலிருந்து வரும் கொஞ்சத்தைத் தடுக்கும், உள்ளே சிதறி வருவதை ஒன்றும் செய்யாது. கருவுக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் வழக்கமாக ஷீல்டு போடுவதை நிறுத்தச் சொல்லி ஏஏபிஎம் 2019-இல் அறிக்கையே விட்டது. அதைவிட மோசம், ஸ்கவுட்டுக்கு முன்பே சுற்றி, அதன் ஓரம் ஸ்கேன் எல்லைக்குள் எட்டிப் பார்த்தால். மிஷின் அதை எலும்பு என்று நினைத்து எம்ஏ-வை ஏற்றும். காப்பாற்றப் போட்டது கூடுதல் டோஸ் வாங்கித் தரும்.

நிழல்வாசிப்பு | 07-03-2024, காலை 10.05

கே ஃபேக்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா அப்போது?

பென்சில்சேம்பர் | 07-03-2024, காலை 10.50

வேண்டாம் டாக்டர். புரோட்டோக்கால் ஒப்பிட அது நன்றாகவே உதவும். தலை 0.0021, கழுத்து 0.0059, மார்பு 0.014, வயிறு-இடுப்பு 0.015. இவை ஏஏபிஎம் 96-ஆவது அறிக்கை (2008) போட்டவை, ஐசிஆர்பி 60-இன் எடைகளை வைத்து. 2007-இல் எடைகள் மாறின: மார்பகம் 0.05-லிருந்து 0.12, இனப்பெருக்க உறுப்புகள் 0.20-லிருந்து 0.08. அதனால் இடுப்பு எண் இறங்கும், பெண்ணின் மார்பு எண் ஏறும். எந்த எடை என்று சொல்லாமல் மில்லிசீவர்ட்டை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தனி ஒருவரின் அறிக்கையில் எஃபெக்டிவ் டோஸ் போட்டு "உங்களுக்கு இவ்வளவு ஆபத்து" என்பது மட்டும் வேண்டாம். ஐசிஆர்பி 147 (2021) அதைத்தான் சொல்கிறது. அது ஒரு சராசரி மாதிரி மனிதருக்கான எண்.

கதிர்க்கணக்கு | 07-03-2024, இரவு 7.15

குழந்தைகளுக்கு அதே 96-ஆவது அறிக்கையில் தனி ஃபேக்டர் பார்த்தேன். ஐந்து வயது வயிறு 0.020. டிஎல்பி 75 என்றால் 1.5 மில்லிசீவர்ட்.

பென்சில்சேம்பர் | 07-03-2024, இரவு 7.34

இந்தக் குழியில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், படியுங்கள். குழந்தைகளுக்கான ஃபேக்டர்கள் 16 செ.மீ. ஃபேண்டத்தில் எடுத்த டிஎல்பிக்கு. இன்றைய மிஷின்கள் குழந்தை வயிற்றுக்கும் 32 செ.மீ.யில்தான் காட்டும். பழையவை சில 16-இல் காட்டும். 75 என்பது 32-இல் வந்தது என்றால், அதே ஸ்கேன் 16-இல் சுமார் 150 ஆகும். விடை 3 மில்லிசீவர்ட். நீங்கள் சொன்னதற்கு இரு மடங்கு.

இரு மடங்கு எங்கிருந்து வந்தது என்று சந்தேகமா? மேலே கொடுத்த இரண்டு எஸ்எஸ்டிஇ சூத்திரங்களிலும் 18 செ.மீ. போடுங்கள். 32-க்கு 1.91, 16-க்கு 0.93. வகுத்தால் 2.05.

ஃபேண்டம் எது என்பது டோஸ் ரிப்போர்ட் படத்தில் பக்கத்திலேயே இருக்கும். ஆர்டிஎஸ்ஆர் (மிஷின் எழுதும் டோஸ் பதிவு) கோப்பில் தனிக் குறியீடாகவே இருக்கும்.

பைத்தான்பாண்டி | 07-03-2024, இரவு 11.55

விபத்து கேஸில் தலை, கழுத்து, மார்பு, வயிறு ஒரே சிட்டிங்கில் எடுத்த கோப்புகளில் "மொத்த டிஎல்பி" என்று ஒன்று வரும். தலை 16-இல், மீதி 32-இல். இரண்டையும் அப்படியே கூட்டி வைத்திருக்கும். அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. நிகழ்வு வாரியாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

சிடிடிஐ-வாலைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்தால் கூட்டலாம். மார்பு 8, வயிறு 12, ஆக 20 என்றால் அது எந்த உடம்பின் எந்த இடத்து டோஸ்?

நிழல்வாசிப்பு | 08-03-2024, மதியம் 12.40

நாமெல்லாம் இரண்டாம் தசமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். லாஸ் ஏஞ்சல்ஸ் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் மூளை பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் பார்க்கும்) சிடி சுமார் எட்டு மடங்கு டோஸில் ஓடியது. 18 மாதம், 206 பேர். 0.5 கிரே எதிர்பார்த்த இடத்தில் 3-4 கிரே. முடி கொட்டியதாக ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 2009 அக்டோபரில் எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) எச்சரிக்கை வந்தது. எண் கன்சோலில் அத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பென்சில்சேம்பர் | 08-03-2024, மதியம் 1.30

அதன் பிறகு வந்ததுதான் டோஸ் செக். எல்லை தாண்டினால் கன்சோல் மறிக்கும், பெயரும் காரணமும் கேட்கும். அலெர்ட் அளவாக 1000 மில்லிகிரே வைக்க எஃப்டிஏ பரிந்துரைத்தது. எத்தனை மிஷினில் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மிஷின் வந்தபடியே சும்மா கிடக்கும்.

பெர்ஃப்யூஷனில் இன்னொன்று. டேபிள் நகராமல் ஒரே இடத்தில் சுடும்போது சிடிடிஐ-வால் தோலின் டோஸ் ஆகாது. பக்கத்து ஸ்லைஸுகளின் சிதறலையும் சேர்த்து எண்ணிய அளவு அது. உண்மையான தோல் டோஸைவிடக் கூடுதலாகவே காட்டும். தோல் சிவக்குமா என்று தீர்மானிக்க வேண்டிய கேஸில் அதைத் திருத்திவிட்டுத்தான் பேச வேண்டும்.

கண்ட்ரோல்ரூம் | 09-03-2024, காலை 7.20

கன்சோல் எண்ணையே அடித்தளமாக வைத்து இவ்வளவு கட்டிவிட்டோம். அந்த எண் சரி என்று யார் சொன்னது? க்யூஏ-வுக்கு (தரச் சோதனைக்கு) வருகிறவர் உருளையை வைத்து நாலு ஷாட் அடித்துவிட்டு "பாஸ்" எழுதிவிட்டுப் போகிறார்.

பென்சில்சேம்பர் | 09-03-2024, காலை 9.00

நாலு இல்லை, ஐந்து துளை. நடுவில் ஒன்று, ஓரத்தில் 12, 3, 6, 9 மணி. 100 மி.மீ. பென்சில் சேம்பர் (கதிரை அளக்கும் பென்சில் வடிவக் கருவி), டேபிள் அசையாமல் ஆக்சியல் ஒரு சுற்று, 120 கேவி, 100 எம்ஏஎஸ், கற்றை அகலம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 0.88 மில்லிகிரே, ஓரச் சராசரி 1.72 வந்தால், 100-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க 4.4, 8.6. நடுவுக்கு மூன்றில் ஒன்று, ஓரத்துக்கு மூன்றில் இரண்டு: 7.2. ஸ்பைரலில் பிட்ச்சால் வகுத்தால் சிடிடிஐ-வால். இதைக் கன்சோல் காட்டுவதோடு ஒப்பிட வேண்டும்.

சேம்பர் இல்லாத துளைகளில் அக்ரிலிக் குச்சியைச் செருக மறப்பது அடிக்கடி நடக்கும். 6 மணி எண் குறைவாக வந்தால் பதற வேண்டாம், அது டேபிள் தடுப்பது. எம்ஏ மாடுலேஷனை அணைக்காமல் அடித்தால் எல்லாமே வீண்.

40 மி.மீ.க்கு மேல் அகலமான கற்றைக்கு இந்த 100 மி.மீ. சேம்பர் போதாது, சிதறல் வால் வெளியே போய்விடும். குறுகிய கற்றையிலேயே 32 செ.மீ. உருளையின் நடுவில் முழு டோஸில் 63 விழுக்காடுதான் பிடிபடும். அகலக் கற்றைக்குக் காற்றில் அளந்த விகிதத்தை வைத்துத் திருத்துவது ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வழி.

கதிர்க்கணக்கு | 09-03-2024, இரவு 8.05

ஊட்டியில் ஒரு மிஷினுக்கு இந்த டெஸ்ட் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே ஏதாவது விசேஷம் உண்டா சார்?

பென்சில்சேம்பர் | 09-03-2024, இரவு 8.22

உண்டு தம்பி, காற்றழுத்தம். பென்சில் சேம்பர் திறந்த சேம்பர், உள்ளே இருப்பது அறைக் காற்று. 2200 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 780 ஹெக்டோபாஸ்கல். 1013 ÷ 780, வெப்பநிலைத் திருத்தத்தோடு சுமார் 1.29. இதைப் போடாமல் விட்டால் மிஷின் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைவாகக் கொடுப்பதாகத் தெரியும், நல்ல மிஷினைச் சர்வீஸுக்கு எழுதிவிடுவீர்கள்.

போனில் வானிலை ஆப்பைப் பார்த்து அழுத்தம் எழுதாதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும், ஊட்டிக்கும் 1010 என்றே காட்டும். பாரோமீட்டரைக் கையோடு கொண்டுபோய் கேன்ட்ரி (சிடி மிஷின்) இருக்கும் அறைக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். செமிகண்டக்டர் டிடெக்டர் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.